வானியலும் அறிவியலும் கற்பிக்கக் காசில்லாமல் என்ன கிடைக்கும்? கேள்விகளும் பதில்களும்

இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வான்நோக்கு நிகழ்ச்சிகளும் ஆசிரியர் பயிற்சிகளும் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் வானியல், அறிவியல் வளங்களைப் பற்றி எதையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, தருமபுரி மாவட்டம்: சார், பள்ளியில் ஒரே ஒரு மடிக்கணினி. நெட் வரும், போகும். தேடினால் ஆயிரம் தளங்கள் வந்து விழுகின்றன. எதில் தொடங்குவது?

இரண்டே போதும் டீச்சர். ஸ்டெல்லேரியம், ஃபெட். இந்த இரண்டையும் ஒரு வருடம் நன்றாகப் பயன்படுத்திவிட்டு மூன்றாவதைத் தேடுங்கள்.

ஸ்டெல்லேரியம் என்பது கணினிக்குள் ஒரு கோளரங்கம். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் நெட் தேவையில்லை. முதல் வேலையாக இடம் என்ற பகுதியில் உங்கள் ஊரைப் போடுங்கள். அப்புறம் அன்று மாலை ஏழரை மணிக்கு நேரத்தைத் தள்ளி வைத்து, கிழக்கே என்ன தெரிகிறது என்று பிள்ளைகளைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். அன்று இரவு வீட்டு வாசலில் நின்று அதே வானத்தைச் சரிபார்த்து வரட்டும். பகல் வகுப்பிலேயே நட்சத்திரம் காட்ட வேண்டுமா? விசைப்பலகையில் 'ஏ' எழுத்தைத் தட்டினால் வளிமண்டலம் மறைந்து, சூரியனுக்குப் பின்னால் இருக்கும் விண்மீன்கள் தெரியும். 'ஜி' தட்டினால் தரை மறையும், காலுக்குக் கீழே உள்ள வானமும் தெரியும். பூமி உருண்டை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எதிலும் காட்டியதில்லை.

ஃபெட் என்பது அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் தரும் உருவகப் பாடங்கள், அதாவது கணினியில் நாமே இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன்கள். 2001ல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002ல் தொடங்கியது. ஒவ்வொரு பாடத்தையும் தனிக் கோப்பாக இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். ஈர்ப்பும் சுற்றுப்பாதையும் பற்றிய பாடத்தில், பூமி சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஈர்ப்பு விசையை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டும் முன் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: "இப்போது பூமி எங்கே போகும்?" பாதிப் பேர் சூரியனுக்குள் விழும் என்பார்கள், சிலர் வளைந்து வெளியே போகும் என்பார்கள். எல்லோர் விடையையும் கரும்பலகையில் எழுதிய பிறகு தட்டுங்கள். பூமி நேர்கோட்டில் போகும். தன் விடையை முன்பே சொல்லிவிட்ட பிள்ளை அந்தக் காட்சியை மறக்காது. சும்மா ஓட்டிக் காட்டினால் அது இன்னொரு கார்ட்டூன், அவ்வளவுதான்.

பட்டதாரி ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி: போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. இதையெல்லாம் எப்போது செய்வது?

உங்கள் கஷ்டம் புரிகிறது. தனியாகப் பீரியடு ஒதுக்காதீர்கள். பாடத்தின் முதல் பத்து நிமிடத்தை ஒரே ஒரு கேள்விக்குக் கொடுங்கள், மேலே சொன்ன ஈர்ப்பு விசைக் கேள்வி மாதிரி. பாடத்தை விளக்கும் நேரம் அதனால் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு பருவத்துக்கு மூன்று முறை செய்தால்கூட நல்லதுதான்.

தமிழ்வழி ஆசிரியை: எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் என்ன உண்டு?

ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் இருப்பதையே நாம் முழுதாகப் பயன்படுத்தவில்லை. பள்ளிக்கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடநூலை ஒட்டிய காணொலிகள் தமிழில் இருக்கின்றன. பாடநூலில் உள்ள கியூ.ஆர். குறியீடுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபெட் பாடங்களில் சில தமிழாக்கத்தோடு கிடைக்கின்றன, தளத்தில் மொழியைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். அரவிந்த் குப்தாவின் தளத்தில் குப்பையில் போகும் பொருளைக் கொண்டு செய்யும் அறிவியல் பொம்மைகளும் நூல்களும் ஏராளம், தமிழிலும் உண்டு. ஸ்ட்ரா, தீப்பெட்டி, சைக்கிள் வால்வு டியூப் இவையே அவருடைய ஆய்வுக்கூடம். 6 முதல் 8 வகுப்புக்கு எடுக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால், 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்களைக் கேட்டுப் பாருங்கள். சோதனைகளை உங்கள் பள்ளிக்கே கொண்டுவந்து செய்து காட்டுவது அவர்கள் வேலை.

இன்னொன்று. நாசா காணொலியின் ஒலியை நிறுத்திவிட்டு நீங்களே தமிழில் சொல்லுங்கள். செவ்வாயில் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021ல் இறங்கும் காட்சிக்கு யாருடைய வர்ணனையும் தேவையில்லை. பிள்ளைகளுக்கு உங்கள் குரல்தான் பழக்கம். கணினி மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால், வகுப்புக்குப் போகும் முன் பாடநூலில் உள்ள கலைச்சொற்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர்: நாசா படங்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்குச் சுவரொட்டியாகக் கொடுக்கலாமா? காப்புரிமைப் பிரச்சினை வருமா?

தாராளமாகக் கொடுங்கள். நாசாவின் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது. நாசா முத்திரையை உங்கள் முத்திரை போலப் போடக்கூடாது, அடையாளம் தெரியும் மனிதர்களின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, வேறொருவர் பெயர் போட்ட படம் என்றால் அவர் விதியைப் பார்க்க வேண்டும். ஹபிள், வெப் தொலைநோக்கிகளுக்காக ஐரோப்பிய விண்வெளி முகமை நடத்தும் தளங்களில், எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டாலே போதும். வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளி, அந்த நிறங்கள் நம் கண்ணுக்குத் தெரியும்படி பின்னால் ஏற்றப்பட்டவை. இதைச் சுவரொட்டியின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

ஒரு பெற்றோர்: 'நாசா தேர்வு' என்று பணம் கேட்கிறார்கள். ஜெயித்தால் நாசாவுக்கு அழைத்துப் போவார்களாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். பெயரில் நாசா இருப்பதால் அது நாசா நடத்தும் தேர்வு ஆகிவிடாது. இப்படி அழைத்துப் போகும் இடம் பெரும்பாலும் புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகம். டிக்கெட் வாங்கும் யாரும் போகலாம், தேர்வு எதற்கு? கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும், அதனால் அழுத்தமாகச் சொல்கிறேன்.

காசில்லாத வழிகள் இருக்கின்றன. இஸ்ரோ 2019ல் தொடங்கிய யுவிகா திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. தேர்வானால் இஸ்ரோ மையத்தில் தங்கிப் பயிற்சி பெறலாம், பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. கிராமப்புறப் பள்ளியில் படித்தால் தேர்வில் கூடுதல் மதிப்பு உண்டு. அறிவிப்பை இஸ்ரோவின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். நாசா உண்மையிலேயே நடத்தும் ஸ்பேஸ் ஆப்ஸ் போட்டியில் உலகில் எங்கிருந்தும் சேரலாம், கட்டணம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: ஐயா, நான் இப்போதே உண்மையான ஆராய்ச்சி செய்ய முடியுமா? படித்து முடித்த பிறகுதான் முடியுமா?

இப்போதே முடியும் அம்மா. ஸூனிவர்ஸ் என்று ஒரு தளம் இருக்கிறது. தொலைநோக்கிகள் எடுத்த படங்களை உனக்குக் காட்டி, இந்த விண்மீன் திரள் (கேலக்ஸி) சுருளா, நீள்வட்டமா என்பது போன்ற கேள்விகளைக் கேட்கும். பலர் சொன்ன விடைகளைச் சேர்த்து விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். 2007ல் கேலக்ஸி ஸூ என்ற ஒரே திட்டத்தோடு தொடங்கியது இது. அதே ஆண்டு ஹன்னி வான் ஆர்கல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை ஒரு படத்தில் விசித்திரமான திட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். அது ஒளிரும் ஒரு மாபெரும் வாயு மேகம். அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், பின்னால் ஹபிள் தொலைநோக்கியும் அதைப் படம் எடுத்தது. அவர் வானியலாளர் இல்லை. கவனமாகப் பார்த்தார், தயங்காமல் கேட்டார்.

உன் பள்ளியில் ஓர் ஆசிரியர் துணைக்கு வந்தால், சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு நடத்தும் சிறுகோள் தேடலில் அணியாகச் சேரலாம். அதற்கும் கட்டணம் இல்லை. ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்கள் வரும். அடுத்தடுத்த படங்களில் எந்தப் புள்ளி நகர்கிறது என்று தேட வேண்டும். விண்டோஸ் கணினி ஒன்று வேண்டும், பள்ளியின் ஹைடெக் லேப் போதும். நீ கண்டது புதிய சிறுகோள் என்று உறுதியாகப் பல ஆண்டுகள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

தலைமை ஆசிரியர்: கருவி எதுவும் வாங்காமல், பள்ளி முழுக்கச் சேர்ந்து செய்ய ஏதாவது சொல்லுங்கள்.

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சூரியனும் நிழலும் இருக்கின்றனவே!

முதலில் நிழலில்லா நாள். தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால், எல்லா ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் சரியாக உச்சிக்கு வரும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். இந்திய வானியல் சங்கத்தின் மக்கள் தொடர்புக் குழு தரும் இலவசச் செயலியில் உங்கள் ஊரின் நாளையும் நேரத்தையும் பார்க்கலாம். ஏப்ரல் தேதி தேர்வு நேரத்தில் வந்துவிடும். அதனால் இரண்டாவது தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேகம் வராமல் இருக்க வேண்டும்.

அடுத்து, பூமியை அளப்பது. வடக்கே ஒரு பள்ளியும் தெற்கே ஒரு பள்ளியும் ஒரே நாளில், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் மிகக் குறுகும் நேரத்தில் நீளத்தை அளக்க வேண்டும். அதிலிருந்து சூரியனின் கோணம் கிடைக்கும். சென்னையும் கன்னியாகுமரியும் என்றால் இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் 5 பாகை. 5 பாகைக்கு வடக்கு தெற்காக சுமார் 553 கி.மீ. என்றால் 360 பாகைக்கு? பெருக்கினால் 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வரும். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்தது இதே கணக்குதான். தொலைவு எடுக்கும்போது சாலைத் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள். வரைபடத்தில் வடக்கு தெற்குத் தூரம் மட்டும்.

மூன்றாவது, சூரியனின் விட்டம். சிறிய முகக் கண்ணாடி ஒன்றின் மேல் காகிதம் ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓட்டை மட்டும் விடுங்கள். வெயிலில் வைத்து, ஒளியை இருட்டு வகுப்பறைச் சுவரில் விழச் செய்யுங்கள். 20 மீட்டர் தூரத்தில் 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வட்டம் விழும். ஓட்டை என்ன வடிவத்தில் இருந்தாலும் விழுவது வட்டம்தான், அது சூரியனின் பிம்பம். பிம்பத்தின் விட்டத்தைத் தூரத்தால் வகுத்து, 15 கோடி கி.மீ.யால் பெருக்குங்கள். சுமார் 14 லட்சம் கி.மீ. வரும். ஆறாம் வகுப்புக் கணக்கு! சூரியனில் பெரிய கரும்புள்ளி இருக்கும் நாளில் அதுவும் மங்கலாகத் தெரியும். சூரியனைப் படம் எடுக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. செயற்கைக்கோளின் தளத்தில் அன்றைய படத்தை எடுத்து ஒப்பிடலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களும் எண்ணிம வடிவில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. நம் மலையிலிருந்து எடுத்த படங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சூரியனை நேராகவோ கண்ணாடி வழியாகவோ யாரும் பார்க்கக்கூடாது, சுவரில் விழுவதை மட்டும்தான். கண்ணாடியைப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

ஆசிரியர், யாழ்ப்பாணம்: இந்திய அரசின் திட்டங்கள் எங்களுக்குப் பொருந்தாது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

யுவிகாவும் வானவில் மன்றமும் தவிர மேலே சொன்ன அநேகமாக எல்லாமே உங்களுக்கும் உண்டு. நிழலில்லா நாள் உங்களுக்கு ஏப்ரல் 15, ஆகஸ்ட் 28 வாக்கில் வரும். இன்னொரு செய்தியும் இருக்கிறது. 2031 மே 21 அன்று வளைய சூரிய கிரகணத்தின் பாதை தென் தமிழகத்தையும் இலங்கையின் வடக்கையும் கடந்து போகிறது. இன்றைக்கு ஐந்தாம் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று பெரிய வகுப்பில் இருப்பார்கள். கண்ணாடிப் பிம்பச் சோதனையை இப்போதே பழக்கிவிடுங்கள், கிரகணத்துக்கும் அதேதான். ஸ்டெல்லேரியத்தில் உங்கள் ஊரைப் போட்டு அந்தத் தேதிக்குப் போனால், எத்தனை மணிக்கு எவ்வளவு மறையும் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.