வலி போய்விட்டது, வேகம் திரும்பவில்லை

கேள்வி: எங்கள் தோட்டக் காற்பந்துக் குழுவின் வலப்பக்க விங்கருக்கு வயது 24. சென்ற பருவத்தில் 11 கோல் போட்டவர். இந்தப் பருவத்தில் 6 ஆட்டம் ஆடியும் ஒன்றுகூட இல்லை. இடது தொடையின் பின்தசை வேறு இரண்டு தடவை பிடித்துக்கொண்டது. ‘எடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள் மற்ற பையன்கள். என்ன செய்யலாம்?
- குழு நிர்வாகி, சுங்கை சிப்புட்

பதில்: எடுத்துவிடாதீர்கள் ஐயா. கோல் வராததும் காயமும் இங்கே ஒரே குறைதான். ஒரே தசை ஒரே பருவத்தில் இரண்டாம் முறை போகிறது என்றால், பெரும்பாலும் முதல் காயம் ஆறுமுன்பே ஆளைத் திடலில் இறக்கியிருப்பீர்கள். சின்னக் கிழிசலில் நடக்கும்போது வரும் வலி சில நாளில் போய்விடும். ஆனால் இந்தத் தசை கிழிவது முழு வேகத்தில் ஓடும்போது. முன்னே வீசிய காலைப் பாதம் தரையில் படுமுன் இழுத்து நிறுத்துவது அதுதான். ‘திடலை நாலு சுற்று ஓடினான், வலியில்லை’ என்பது சோதனையே ஆகாது.

மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லுங்கள். வலியில்லாமல் இரண்டும் ஒரே உயரம் வரவேண்டும். பிறகு குதிகாலை நாற்காலிமேல் வைத்து, ஒற்றைக் காலால் இடுப்பைத் தூக்கி இறக்கட்டும். 20 தடவை எட்டாத காலோடு ஆட்டத்துக்கு விடாதீர்கள். தேறினால் 30 மீட்டர் ஓட்டம், முக்கால் வேகத்தில் தொடங்கிச் சில நாள் கழித்து முழு வேகம். அடுத்து ஒரு வாரம் முழுப் பயிற்சி, அதற்குப் பிறகே கடைசி 20 நிமிட ஆட்டம்.

பகலில் என்ன வேலை என்றும் கேளுங்கள். குனிந்து குனிந்து செம்பனைக் குலை ஏற்றுகிறவருக்கு, மாலையில் திடலுக்கு வரும்போதே தொடை களைத்திருக்கும். வேகப் பயிற்சியை ஓய்வு நாளுக்கு மாற்றுங்கள்.

பலம் கூட்ட நோர்டிக் பயிற்சி இருக்கிறது. முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடலை மெல்ல முன்னே சாய்த்துக் கையூன்றுவது. முதல் வாரம் ஒரு நாள், ஐந்தைந்தாக 2 சுற்று. இரண்டாம் வாரம் 2 நாள், ஆறாறாக 2 சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு 3 நாள், 3 சுற்று. இடுப்பு மடங்கினால் பாரம் தசைக்குப் போகாது. ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம்.

அமெரிக்கக் காற்பந்தில் பந்து வாங்க ஓடும் ரிசீவர்களையும் இதே தசைதான் படுத்துகிறது. அங்கே தேசிய லீக்கில் காயப் பட்டியலில் போட்டால் குறைந்தது 4 ஆட்டம் வெளியே. அந்த இடத்தில் வேறொருவர் வரலாம், இவரும் குழுவிலேயே இருப்பார். நீங்களும் 6 வாரம் அப்படிக் கொடுங்கள். பயிற்சிக்கே வராமல் தட்டிக்கழித்தால் அப்போது எடுங்கள். அதையும் அவர் பிறர் வாயால் கேட்கவிடாமல் நேரில் சொல்லுங்கள்.

கேள்வி: தொடையின் பின்தசையில் அடிபட்ட அன்றே தைலம் போட்டு உருவிவிடலாமா?
- வாசகர், தெலுக் இந்தான்

பதில்: முதல் 3 நாள் கூடாது, உள்ளே ரத்தக் கசிவு கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, தொடைக்குக் கட்டுப் போடுங்கள். ‘டப்’பென்று சத்தம் கேட்டிருந்தாலோ, தொடையில் கருநீலம் இறங்கினாலோ, உட்காரும் எலும்பருகே வலித்தாலோ மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுங்கள்.