டிஸ்மிஸ் ஆனவரின் கிராஜுவிட்டியும் பென்ஷனும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

1999 நவம்பர் 1 முதல் ஒரு இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஸ்டாக் எடுத்தபோது 1,40,000 ரூபாய்க்குப் பேரிங்குகள் குறைந்தன. உள்விசாரணை நடத்தி, 'கவனக்குறைவால் நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படுத்தினார்' என்று எழுதி 2024 ஜூன் 10 அன்று டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். டிஸ்மிஸ் ஆனவருக்குக் கிராஜுவிட்டி கிடையாது என்று ஹெச்.ஆரில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற என் மச்சான், பென்ஷனும் போச்சு என்கிறார். பிஎஃப்பை இன்னும் தொடவில்லை. கணக்கு முடிக்கும் தாளில் முதலில் கையெழுத்துப் போடு, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. வயது 52. எனக்கு எதெல்லாம் வரும்? எங்கே தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மச்சான் சொல்வது அவர் இருந்த உலகத்தில் உண்மை. மத்திய அரசின் பழைய ஓய்வூதிய விதிகளின்படி டிஸ்மிஸ் என்றால் முந்தைய பணிக்காலம் முழுக்கக் கழிந்துபோகும். மனமிரங்கினால் கருணைப்படி என்று ஒன்று தரலாம், அதுவும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாது. தனியார் தொழிலாளிக்கு அந்த விதி இல்லை. உங்கள் பணம் தனித்தனிச் சட்டங்களின் கீழ் தனித்தனிப் பெட்டிகளில் கிடக்கிறது. டிஸ்மிஸ் உத்தரவு அதில் ஒரே ஒரு பெட்டியைத்தான் தொட முடியும். அது கிராஜுவிட்டி. அதையும் முழுசாக இல்லை.

முதலில் தொகை. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான கிராஜுவிட்டி. உங்களுக்கு அது 15,000 ரூபாய். பணிக்காலம் 24 ஆண்டு 7 மாதம். கடைசித் துண்டு ஆறு மாதத்தைத் தாண்டியதால் 25 ஆண்டாகக் கணக்கிட வேண்டும். ஆக 3,75,000. 24 என்று போட்டு 15,000 ரூபாயைக் குறைத்துக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எவ்வளவு பிடிக்கலாம்? நீங்கள் 2024இல் வெளியேறியதால் 1972ஆம் ஆண்டு பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம்தான் உங்களுக்கு. (2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. பறிமுதல் பற்றிய பகுதி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.) அதன் 4(6) பிரிவை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ நிறுவனத்தின் சொத்துக்கு இழப்பு ஏற்படுத்தியதற்காக வேலையை விட்டு நீக்கினால், அந்த இழப்பின் அளவுக்கு மட்டும் பிடிக்கலாம். ஒரு ரூபாய்கூட அதிகமாகப் பிடிக்க முடியாது. கலவரம், ஒழுங்கீனம், வன்முறை ஆகியவற்றுக்கோ, பணியின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ நீக்கினால்தான் முழுவதையும் அல்லது ஒரு பகுதியைப் பறிக்கலாம்.

உங்கள் உத்தரவில் உள்ள சொல் 'கவனக்குறைவு'. ஆகவே நீங்கள் முதல் வகை. நிறுவனம் சொல்லும் இழப்பை அப்படியே ஒப்புக்கொண்டாலும் 3,75,000இல் 1,40,000 போக 2,35,000 ரூபாய் உங்களுடையது. 'ஒன்றும் கிடையாது' என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

'திருட்டு', 'கையாடல்' என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஒழுக்கக்கேடு என்று சொல்லிப் பறிக்க வேண்டுமானால் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் அது மாறிவிட்டது. துறை விசாரணையில் நிரூபணமானாலே போதும் என்றார்கள். அதே தீர்ப்பில்கூட, டிக்கெட் காசைக் கையாடிய பேருந்து நடத்துநர்களுக்குப் பறிமுதலை 25 சதவீதத்தோடு நிறுத்தினார்கள். பழைய 2018 தீர்ப்பை மட்டும் காட்டி நம்பிக்கை கொடுக்கும் ஆலோசனைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றை நம்பி இறங்க வேண்டாம்.

இன்னொன்று. பிடித்தம் தானாக நடந்துவிடாது. டிஸ்மிஸ் உத்தரவு வேறு, பறிமுதல் உத்தரவு வேறு. பறிக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் தந்து, உங்கள் விளக்கத்தைக் கேட்டு, தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் உத்தரவு போட வேண்டும். ஹெச்.ஆரின் வாய்வார்த்தை உத்தரவாகாது.

செய்ய வேண்டியது இது. படிவம் 'ஐ'யை நிரப்பி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவது பெரும்பாடு. 30 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. தொழிலாளி கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணக்குப் போட்டுத் தெரிவிப்பது முதலாளியின் கடமை, தர வேண்டிய கெடு 30 நாள். அவர்கள் படிவம் 'எம்'மில் காரணத்தோடு மறுத்தாலும், பேசாமல் இருந்தாலும், 90 நாளுக்குள் படிவம் 'என்'னைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உள்ள கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கொடுங்கள். இந்த 90 நாளைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தாமத மன்னிப்பு கேட்கலாம், ஆனால் அதற்கே சில மாதம் போய்விடும். தாமதத்துக்கு 10 சதவீதத் தனிவட்டியும் கேளுங்கள். 2,35,000க்கு ஆண்டுக்கு 23,500 ரூபாய் ஆகிறது. அதிகாரி உங்களுக்குச் சாதகமாக உத்தரவு போட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனால், தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இது தெரிந்த நிறுவனங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே பேச்சுக்கு வரும்.

அந்தக் கணக்கு முடிக்கும் தாள். அதில் 'இனி எந்தப் பாக்கியும் இல்லை, எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்ற வரி இருக்கும். கிராஜுவிட்டி உரிமையை ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க முடியாது என்பது சட்டம். ஆனாலும் கையெழுத்தை வைத்துக்கொண்டு உங்களை இழுத்தடிப்பார்கள். பணம் வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கையெழுத்துக்கு மேலே 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்' என்று உங்கள் கையாலேயே எழுதி, படம் எடுத்துக்கொண்டு, பிறகு கொடுங்கள்.

பிஎஃப்பில் நிறுவனத்துக்கு எந்தப் பிடியும் இல்லை. உங்கள் பங்கு, அவர்கள் பங்கு, வட்டி எல்லாம் உங்களுடையவை. பேரிங் கணக்கை அதில் கழிக்க முடியாது, கோர்ட் ஜப்திகூட அதைத் தொடாது. முழுத்தொகைக்குப் படிவம் 19. வேலை போனபின் காத்திருக்க வேண்டிய காலம் முன்பு இரண்டு மாதம், அதைப் பன்னிரண்டாக்க 2025 அக்டோபரில் பிஎஃப்பை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு அது கடந்துவிட்டது.

சிக்கல் வேறு இடத்தில் வரும். யுஏஎன் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) தளத்தில் உங்கள் பெயருக்கு நேரே வெளியேறிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்மிஸ் செய்த நிறுவனங்கள் பெரும்பாலும் இதைப் போடுவதில்லை, போடாதவரை படிவம் 19 நகராது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் நீங்களே போடலாம்: 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்', ஆதார் ஓடிபி, அவ்வளவுதான். தேதி கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் டிஸ்மிஸ் என்றெல்லாம் இருக்காது, 'செஸ்ஸேஷன்' போதும். பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால்தான் தலைவலி. 2017 அக்டோபருக்கு முன் வாங்கிய யுஏஎன் என்றால் கூட்டு உறுதிமொழிக்கு, அதாவது விவரங்களைத் திருத்தக் கேட்கும் விண்ணப்பத்துக்கு, நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படும். மறுத்தால் பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவின் குறைதீர் தளத்தில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமுக்கு டிஸ்மிஸ் உத்தரவு, பழைய சம்பளச் சீட்டுகளோடு நேரில் போவது இன்னும் நல்லது.

பணத்தை அவசரமாக எடுக்க வேண்டிய தேவை இல்லையென்றால் 58 வயது வரை வட்டி ஓடும். வேலையை விட்ட பிறகு சேரும் அந்த வட்டிக்கு மட்டும் வருமான வரி உண்டு.

பென்ஷன் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள், பயப்பட அதில் எதுவும் இல்லை. பத்தாண்டு சேவை முடித்தவரின் இபிஎஸ் பென்ஷன் (பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டம்), எப்படி வெளியேறினாலும் அவருடையது. பிஎஃப் பாஸ்புக்கில் பென்ஷன் சந்தா இருக்கும் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். சம்பளம் உச்சவரம்பைத் தொட்டிருந்தால், 2001 ஜூன் முதல் 2014 ஆகஸ்ட் வரை மாதம் 541, செப்டம்பரிலிருந்து 1,250 என்று வரிசையாக நிற்க வேண்டும். ஓட்டை விழுந்த மாதங்களை இப்போதே எழுதிக் கேளுங்கள், 58 வயதில் கேட்டால் சம்பளப் பதிவேடு இருக்காது. சூத்திரம்: சராசரிச் சம்பளம், பெருக்கல் சேவை ஆண்டு, வகுத்தல் 70. 2014 செப்டம்பருக்கு முந்தைய சேவைக்கு 6,500 ரூபாயும் பிந்தையதற்கு 15,000 ரூபாயும் உச்சவரம்பு. உங்களுக்கு 58 வயதில் சுமார் 3,500 ரூபாய் வரும், 20 ஆண்டு தாண்டியவர்களுக்குச் சேர்க்கும் இரண்டு ஆண்டு தனி. 50 முடிந்ததால் இப்போதே படிவம் 10டி போட்டு வாங்கலாம், ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. 24 சதவீதம் போனால் சுமார் 2,650, அதுவும் ஆயுளுக்கும். அடுப்பெரியாத நிலை இல்லையென்றால் வேண்டாம் என்பேன். இப்போதைக்குப் படிவம் 10சி போட்டு ஸ்கீம் சர்டிபிகேட் மட்டும் வாங்கி வையுங்கள். வேறு வேலைக்குப் போனால் பழைய சேவை அதில் தொடரும்.

விடுப்புச் சம்பளத்தைக் கேட்க மறந்துவிடுவீர்கள். நீங்கள் வெளியேறியபோது நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டம் 79ஆம் பிரிவின்படி டிஸ்மிஸ் ஆனவருக்கும் மீதி இருக்கும் ஈட்டிய விடுப்புக்குப் பணம் உண்டு, இரண்டாவது வேலை நாளுக்குள் தந்திருக்க வேண்டும். படிவம் 'ஐ' அனுப்பும் உறையிலேயே இதற்கும் தனிக் கடிதம் வையுங்கள். போனஸ் சட்டத்தின் சம்பள வரம்பு அப்போது 21,000 என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

டிஸ்மிஸ்ஸையே எதிர்த்து வழக்குப் போடுவது தனிப் பாதை, அதற்குத் தனிக் கெடு உண்டு. யோசனை இருந்தால் தொழிலாளர் வழக்கறிஞரை இந்த மாதமே பாருங்கள்.

விசாரணை அறிக்கையின் நகல் உங்களிடம் இருக்கிறதா? அதில் 1,40,000 எப்படி வந்தது என்று பாருங்கள்: பேரிங்கின் கொள்முதல் விலையா, விற்பனை விலையா, பழைய இருப்பில் தேய்மானம் கழித்தார்களா? அந்தப் பக்கத்தை எழுதி அனுப்புங்கள். பிடித்தம் இன்னும் குறையலாம்.