பிழைக்க வந்து இகழப்பட்டவர்களே, பின்னால் வருபவர்களை இகழ்வது ஏன்?

ஓர் ஊருக்குப் பிழைக்க வந்து ஏளனத்துக்கு ஆளான சமூகமே, தனக்குப் பின் வருபவர்களை ஏன் இளக்காரமாகப் பார்க்கிறது, தலைமுறை மாறினால் இது தானாகத் தீராதா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரன் என்ற முறையில், என் சமூகத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட எங்கள் முன்னோர் பட்டு நெசவாளர்கள். விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்து, நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையில் நிலைகொண்டார்கள். 1705-ல், பிராமணர்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட, பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டச் சடங்கைச் செய்ததற்காக எங்கள் சமூகத்தினர் 18 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். ராணி மங்கம்மாள் பண்டிதர்களைக் கொண்டு விசாரித்து, அந்த உரிமை எங்களுக்கு உண்டு என்று ஓலையில் எழுதித் தந்தார். இதை எங்கள் வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் உங்கள் கேள்விக்கான விடையும் அங்கேதான் இருக்கிறது. எங்களையும் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வென்றோமே தவிர, மேல் கீழ் என்ற வரிசையே எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கிடைத்த மதிப்பு பயத்தோடேயே இருக்கும். புதிதாக வந்த கூட்டத்தோடு நம்மையும் சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில், பூர்வகுடிகளைவிட ஒரு படி கூடுதலாகவே நாம் அவர்களைத் தூற்றத் தொடங்குகிறோம்.

மகால் பகுதியில் எங்கள் உறவினர் ஒருவரின் வீடு காலியானபோது, உணவகத்தில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் இளைஞர்கள் இருவர் கேட்டு வந்தார்கள். முன்பணம் முழுவதையும் கையில் வைத்திருந்தார்கள். "இவங்களுக்கு விட்டா ஒருத்தன் பேர்ல எடுத்துட்டுப் பத்துப் பேர் தங்குவாங்க தம்பி, சுவரெல்லாம் பான் எச்சிலா ஆகிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே அறையில் பலர் தங்குவது உண்மைதான். சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்கள்? தரையில் குழி வெட்டி அமைத்த குழித்தறி பாதி வீட்டை அடைத்துக்கொள்ள, மீதிப் பாதியில் மூன்று குடும்பங்கள் சமைத்துப் படுத்து எழுந்த வீடுகளில்தான் எங்கள் தாத்தாக்களும் வளர்ந்தார்கள். தெருவில் நெசவு நூலைப் பாவாக நீட்டி விரித்திருப்பார்கள், வாசலில் சாயத் தண்ணீர் ஓடும், பேசுவது யாருக்கும் புரியாது என்று அடுத்த தெருக்காரர்கள் முகம் சுளித்ததைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். வருமானமும் தொழிலும் ஒருவர் மேல் சுமத்தும் வாழ்க்கையை அவருடைய இனத்தின் குணமாக எழுதிவிடுவதுதான் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

இது எங்கள் சமூகத்தோடு நிற்பதுமில்லை. பல்லாண்டுகளாக இங்கே கடை வைத்திருக்கும் ராஜஸ்தான் வணிகர்கள் பீகார்த் தொழிலாளர்களைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். அழகு நிலையங்களில் வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண்களை, முகத்தை வைத்துச் சீனாக்காரிகள் என்று எல்லோரும் சேர்ந்து கேலி செய்கிறார்கள். அந்தப் பெண்கள் படும் அவமானம் மற்றவர்கள் படுவதைவிடக் கொடியது; ஏனென்றால் எத்தனை நன்றாகத் தமிழ் கற்றாலும் அவர்களால் முகத்தை மாற்றிக்கொள்ள முடியாது.

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவர்களையும் நாடாரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்ற போராட்டத்துக்குத் துணை நின்றவர்களில் ஒருவர், எங்கள் சமூகத்தில் பிறந்து மதுரை காந்தி என்று பெயர் பெற்ற என்.எம்.ஆர். சுப்பராமன். 1705-ன் கதையைச் சொல்லும் அளவுக்கு அவர் கதையை எங்கள் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம்.

தலைமுறை மாறினால் தானாகத் தீராது. தறியில் உட்கார்ந்த என் பாட்டி அந்த இளைஞர்களைப் "பிழைக்க வந்த பிள்ளைங்க" என்றுதான் சொல்வார். தறியையே தொடாத என் வயதினர்தான் கடுமையாகப் பேசுகிறார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் வட மாநிலங்களில் பரவியபோது, தமிழர் அனைவரையும் கொலைகாரர்களாகக் காட்டுகிறார்களே என்று நாம் கொதித்தோம். அந்தக் கொதிப்பு நியாயமானது. அதே நாம், எங்கோ ஒரு வடமாநிலத்தவர் திருடிப் பிடிபட்ட காணொளியை, அவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்ற வரியோடு உறவினர் குழுக்களில் அனுப்புகிறோம். என் குடும்பக் குழுவில் அப்படி வரும் ஒவ்வொன்றுக்கும் நான் மறுப்பு எழுதுகிறேன். சித்தப்பாக்கள் கோபித்துக்கொள்கிறார்கள், அனுப்புவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது.