இணையத்தில் 1,299 ரூபாய்க்குக் கிடைக்கும் குக்கரை உள்ளூர்க் கடைக்காரர் ஏன் அதே விலைக்குத் தரமாட்டேன் என்கிறார்?

குறைத்துக் கொடுத்தால் வியாபாரம் நடக்குமே, பிடிவாதம் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரி கடைவீதியில் 38 வருடங்களாகப் பாத்திரக் கடை நடத்துபவரின் மகன் நான். படிப்பு முடிந்ததிலிருந்து நானும் அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிடிவாதம் இல்லை, முடியவில்லை. நீங்கள் சொல்லும் அதே 5 லிட்டர் குக்கர் கோயம்புத்தூர் டீலரிடம் எங்களுக்கு அடக்கமே 1,410 ரூபாய். அதன்மேல் லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, கடை வாடகை, ஒரு பையனின் சம்பளம். 1,560க்கு விற்றால்தான் கையில் ஏதோ நிற்கும். அந்நிய முதலீடு உள்ள இணைய விற்பனைத் தளங்கள் விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக் கூடாது என்ற விதி 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறகு எப்படி எங்கள் அடக்கவிலைக்கும் கீழே விற்கிறார்கள்? டீலரைக் கேட்டால் கம்பெனியைக் கைகாட்டுகிறார். கம்பெனிக்காரர் போனை எடுப்பதில்லை.

ஆனால் விலையைவிட எங்களை அதிகம் வாட்டுவது வேறொன்று. வாடிக்கையாளர்கள் எங்களை விட்டுப் போகவில்லை. லாபம் கொடுத்த பாதி வியாபாரம் மட்டும் போய்விட்டது, வேலை வாங்குகிற பாதி அப்படியே கடையில் இருக்கிறது.

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வைப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் இந்த ஊரில் குக்கர் இல்லாத அடுப்படி கிடையாது. கேஸ்கெட் கேட்டு ஆள் வராத நாளும் கிடையாது.

போன மாதம் ஓர் அம்மா, துண்டில் சுற்றிய புதுக் குக்கருடன் மழையில் நனைந்தபடி வந்தார். "விசிலே வரமாட்டேன் என்கிறது, அண்ணா. பக்கவாட்டில் புஸ்ஸென்று போய்விடுகிறது" என்றார். அப்பா கேஸ்கெட்டைக் கழற்றி வளைத்துப் பார்த்தார். புதிது, நன்றாகத்தான் இருந்தது. மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதன் விளிம்பில் ஆள்காட்டி விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு நெளிவு; பார்சல் எங்கேயோ கீழே விழுந்திருக்கிறது. மரச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்து, பின்கட்டில் இருக்கும் அடுப்பில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஏற்றினார். முதல் விசில் வரும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேர வேலை. திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது என்று அந்த அம்மா சொன்னபோது குரல் அடைத்தது. அவரிடம் எப்படிக் காசு கேட்பது? அப்பா கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

குக்கர் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை விற்கக் கூடாது என்பது 2021 முதல் சட்டம், ஐ.எஸ். 2347 என்பது அதற்கான தர எண். அப்படியிருந்தும் முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இரண்டு பெரிய தளங்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அத்தனை பெரிய வியாபாரத்துக்கு அந்தத் தொகை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் விற்ற குக்கர் வெடித்தால் மறுநாள் காலை இந்தக் கடைவீதியில் என்னால் ஷட்டரைத் தூக்க முடியாது.

சீர்வரிசைப் பாத்திரங்களும் இப்படித்தான் ஆகிவிட்டன. முன்பு தை பிறந்தால் ஒரே குடும்பம் குத்துவிளக்கு, அண்டா, குடம், எவர்சில்வர் டப்பா என்று 30 ஆயிரத்துக்கு எடுக்கும். பெயர் வெட்டிக் கொடுப்பதற்குத் தனியாகக் காசு வாங்க மாட்டோம். இப்போது எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கிவிட்டு, பெயர் வெட்ட மட்டும் மூட்டையாகக் கொண்டு வருகிறார்கள். எழுத்துக்கு 2 ரூபாய்.

கடன் நோட்டு ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தொழிற்சாலையிலிருந்து பச்சைத் தேயிலைக்குப் பணம் மாதம் ஒரு முறைதான் வரும். அதுவரை பாக்கி எழுதிக்கொள்வோம். இலை விலை இறங்கிய மாதங்களில் பாக்கி அடுத்த மாதத்துக்கு நகரும். ரொக்கம் கையில் இருக்கும் மாதத்தில் போனில் ஆர்டர், இல்லாத மாதத்தில் எங்கள் நோட்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. காசு மிச்சமாகும் இடத்தில் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த விலை வித்தியாசத்தில் எங்கள் நோட்டும் அடுப்பும் மரச் சுத்தியலும் அடங்கியிருக்கின்றன என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

நீங்களும் இணையத்தில் விற்கலாமே என்பார்கள். எங்களைப் போல, ஜி.எஸ்.டி.யில் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் 1 சதவீத வரி கட்டும் கடை வேறு மாநிலத்துக்கு விற்க முடியாது. முறையை மாற்றிக்கொண்டாலும் கமிஷன், திரும்பி வரும் சரக்கு, அதில் விழுந்த நெளிவு எல்லாம் எங்கள் தலையில்தான்.

என் வற்புறுத்தலால் இந்த மாதம் ஓர் அறிவிப்பு எழுதி மாட்டியிருக்கிறோம்: வெளியே வாங்கிய குக்கரைச் சோதித்துத் தர 50 ரூபாய். இதுவரை ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தைக்கு வழக்கமாக 60 குக்கர் இறக்குவோம். இந்த முறை அப்பா டீலரிடம் 12 மட்டும் சொல்லியிருக்கிறார். கேஸ்கெட் மட்டும் எல்லா அளவிலும் இரண்டு பெட்டி.