ஓவியப் பீரியட் - கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஆறாம் வகுப்பு. வாரத்தில் இருந்த இரண்டு ஓவியப் பீரியடும் இந்த ஆண்டு கணக்குக்குப் போய்விட்டன. பெற்றோர் கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறேன். கலை கற்றால் மற்ற பாடங்களிலும் மதிப்பெண் கூடும் என்று ஆராய்ச்சிகள் சொல்வதாகக் கேள்வி. எடுத்துக்கொடுக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வாதத்தோடு கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

இதே மாதிரி, ஐரோப்பிய இசைமேதை மோட்சார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சு 1993இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரையிலிருந்து கிளம்பியது. சோதித்தது கல்லூரி மாணவர்கள் 36 பேரை. கிடைத்த ஏற்றமும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. இதை நம்பி 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்டார். சரி, அது வேறு கதை. 2000இல் எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கலை மற்ற பாடங்களுக்கு உதவுகிறதா என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இருவரும் கலைக் கல்வியின் பக்கம் நிற்பவர்கள். நாடகமாக நடித்துப் படிப்பது மொழிக்கு உதவுகிறது என்பது போலச் சில கிடைத்தன. மற்றபடி, மதிப்பெண் கூடியது கலையால்தான் என்று அவர்களாலேயே காட்ட முடியவில்லை. "மதிப்பெண்தான் வேண்டும் என்றால் நான் இன்னொரு பீரியட் கணக்கே நடத்துகிறேனே" என்று கணக்கு ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மகளை ஒரு முகம் வரையச் சொல்லுங்கள். கண்ணை ஏறக்குறைய நெற்றியில் வைப்பாள். நானும் நாற்பது வயதுவரை அங்கேதான் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, உங்கள் உச்சந்தலையிலிருந்து கண்வரை அளக்கச் சொல்லுங்கள். கண்ணிலிருந்து மோவாய்வரையும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். கண் இருப்பது தலையின் நடுவில். பிறந்ததிலிருந்து முகங்களையே பார்க்கிறோம், இது தெரிவதில்லை. கண், மூக்கு, வாய் போதும் என்று மனம் மண்டையைச் சுருக்கிவிடுகிறது.

நாற்காலியும் இப்படித்தான். கால் நான்கும் ஒரே நீளம் என்று தெரியும், அப்படியே போட்டால் படத்தில் நாற்காலி சரிந்து நிற்கும். நல்ல ஓவிய ஆசிரியர், "நாற்காலியை விடு, கால்களுக்கு நடுவே தெரியும் காலியிடத்தை வரை" என்பார். அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. மனதிடம் அதற்கான படமும் கிடையாது. பார்த்தே ஆகவேண்டும். அதை வரைந்து முடித்தால் நாற்காலி தானாக வந்திருக்கும். எங்கே தப்பு என்று யாரும் சொல்லாமல், தாளையும் பொருளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அவளே அழித்து அவளே போடுகிறாள். அந்த இரண்டு பீரியடில் நடக்கவேண்டியது இதுதான். (பலகையில் ஒரு படத்தைப் போட்டு அப்படியே பார்த்து வரையச் சொல்லும் வகுப்பு என்றால், அது போனதில் எனக்கு வருத்தமில்லை.)

கூட்டத்துக்குப் போகும்போது வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தை எல்லோரும் ஐந்து நிமிடம் வரையட்டும், கணக்கு ஆசிரியர் உட்பட. அளந்து பார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.