பெரிய ஸ்க்ரூ போட்டால் போதுமா? படகு கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 14 அடி ஃபைபர் படகு. வெயிலுக்காக மடக்குகிற துணிக்கூரை போட்டிருக்கிறேன். கரையில் கட்டியிருந்தபோது அடித்த காற்றில் கூரை மேலே எழும்பி, இடதுபக்கக் கீலை ஸ்க்ரூவோடு பிடுங்கிவிட்டது. கூரையைத் தாங்கும் ஒரு குழாயும் வளைந்திருக்கிறது. அதே ஓட்டையில் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடு என்கிறார் நண்பர். போதுமா?

பதில்: போதாது. கொஞ்ச நாள் நிற்கும், அப்புறம் அடுத்த பெருங்காற்றில் இதைவிடப் பெரிய ஓட்டையோடு பெயர்ந்து வரும். உங்கள் ஸ்க்ரூ மேல் குற்றமே இல்லை, அது கவ்வியிருந்த இடம்தான் பலவீனம். சின்னப் படகுகளில் ஃபைபர் தகடு பல இடங்களில் சில மில்லிமீட்டர் கனம்தான். பக்கவாட்டில் இழுத்தால் ஸ்க்ரூ நன்றாகவே தாங்கும், செங்குத்தாக மேலே இழுத்தால் மரை அந்த மெல்லிய தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். துணிக்கூரைக்குள் காற்று புகுந்தால் இழுப்பது மேல்நோக்கித்தான்.

எவ்வளவு இழுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கூரை 2 மீட்டருக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அதை முழுசாகப் பிடித்தால் ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான விசை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால் 72 கிலோமீட்டரில் அதுவே 100 கிலோ. கூரையின் சாய்வைப் பொறுத்துக் கூடும், குறையும். அதுவும் ஒரே சீராக இழுக்காது, கூரையை இழுத்துப் பிடிக்கும் வார் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் வெட்டி வெட்டி இழுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பிய்ந்த ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் கிளறிப் பாருங்கள். பல படகுகளில் மேல்தளம் ஒற்றைத் தகடு அல்ல, இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே மரமோ நுரைப்பொருளோ வைத்திருப்பார்கள். கம்பியில் ஈரமும் பழுப்பாக மரத்தூளும் ஒட்டிக்கொண்டு வந்தால் உள்மரம் ஊறிப்போய்விட்டது என்று பொருள். கீல் அசைய ஆரம்பித்த நாளிலிருந்தே தண்ணீர் இறங்கியிருக்கும், காற்று வந்து கடைசி வேலையை முடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டையைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கும் மேல் மெத்தென்று இருந்தால் அது வேறு வேலை, தளத்தையே திறக்க வேண்டியிருக்கும்.

அந்த அளவுக்குப் போகவில்லை என்றால், ஒரு ஆணியின் நுனியை எல் வடிவில் வளைத்து ட்ரில்லில் மாட்டி ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். மேல்தகடு அப்படியே இருக்கும், சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் உள்மரம் மட்டும் தூளாகி வந்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவிட்டு (இதில் அவசரப்பட்டால் மற்ற வேலையெல்லாம் வீண்), அடியில் டேப் ஒட்டி அடைத்து, முதலில் தண்ணீர்ப் பதத்தில் எப்பாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றி மரத்தில் ஊறவிடுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து பற்பசை பதத்துக்குக் கெட்டியாக்கி ஓட்டையை நிரப்புங்கள். ஒரு நாள் இறுகட்டும். அதன் நடுவில் போல்ட் அளவுக்குப் புதிதாகத் துளை போட்டால் சுற்றிலும் கெட்டி எப்பாக்சி இருக்கும். தண்ணீர் மரத்தைத் தொடாது, நட்டை இறுக்கும்போது தளமும் நசுங்காது.

இனி ஸ்க்ரூ வேண்டாம். மேலிருந்து கீழ்வரை போகிற போல்ட், அடியில் 5, 6 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு, அது கீலின் அடிப்பாகத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்கட்டும், அகல வாஷர், நைலான் வளையம் உள்ள லாக் நட். துளையின் மேல்விளிம்பைக் கொஞ்சம் சாய்வாகச் செதுக்கி வைத்தால் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி மெத்தென்று ஒட்டும் நாடா) அதற்குள் வளையமாக உட்கார்ந்து தண்ணீரைத் தடுக்கும். கழற்றவே முடியாதபடி ஒட்டுகிற பசைகளை இங்கே போடாதீர்கள், என்றைக்காவது கழற்றத்தான் போகிறீர்கள். போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அடியில் நட்டைத்தான் திருப்ப வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை மெஷினால் வேகமாக ஏற்றினால் சூடேறி நடுவழியில் இறுகிவிடும், பிறகு ரம்பம்தான். மரையில் சொட்டு எண்ணெய் விட்டு, கையால் ஏற்றுங்கள்.

அடியில் கை நுழையாத இடமா? வட்ட மூடி ஒன்று பொருத்தி வழி செய்துகொள்வதுதான் என் சிபாரிசு.

குழாயைப் பொறுத்தவரை, மடிப்பு விழாமல் லேசாக வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்திருந்தால், முக்கியமாக அலுமினியமாக இருந்தால், நிமிர்த்தாதீர்கள், அந்த இடத்தில் விரிசல் விடும். அந்தத் துண்டை வெட்டியெடுத்து உள்குழாய் வைத்து இணைக்கலாம், முழுசாக மாற்றினால் இன்னும் நல்லது. புதுக் கீலோ கவ்வியோ வாங்கும் முன் குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். 22 மில்லிமீட்டரும் 25 மில்லிமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

வலதுபக்கக் கீலையும் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். அதே காற்றைத்தான் அதுவும் தாங்கியது. சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி மயிரிழைக் கீறல் தெரிந்தால் அங்கேயும் இதே வைத்தியம்.

கேள்வி: என் கூரையின் நைலான் கவ்விகள் உடைந்துவிட்டன. குழாய் அலுமினியம். எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிவிடலாமா? நைலான் உடைந்தால்தான் படகு தப்பிக்கும் என்றும் சிலர் சொல்கிறார்களே?

பதில்: ஆக்கலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் இந்த இரண்டு உலோகமும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸாகப் பார்த்து வாங்குங்கள், ஸ்க்ரூ மரையில் அரிப்புத் தடுக்கும் பசை தடவுங்கள். நைலான் வெயிலில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், கவ்வியில் ஊசி மாட்டும் துளையைச் சுற்றி வெளுத்துப்போவதுதான் அடையாளம். உடைந்தால் படகு தப்பிக்கும் என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் விடுபட்ட குழாய்ச் சட்டம் சாட்டை மாதிரி வீசும், அப்போது படகில் நீங்கள் இருந்தால் தலை தப்பாது. கீலைப் பலமாக்கிவிட்டு, காற்று ஏறும்போதே கூரையை மடக்கி உறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓடும்போது கூரையின் முன்வார் விர்ரென்று அதிர்கிறது. இன்னும் இறுக்கவா?

பதில்: அளவுக்கு மீறி இறுக்கினால் கொக்கி பிடித்திருக்கிற ஸ்க்ரூதான் பிடுங்கும். வாரைக் கழற்றி ஒரே ஒரு முறுக்கு விட்டு மாட்டுங்கள், நின்றுவிடும்.