வெல்டர் தேர்வும் வெல்டிங் செய்முறையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பட்டறையில் ஆறு வெல்டர்கள் இருக்கிறார்கள். புதிய வாடிக்கையாளர் டபிள்யூபிஎஸ் (வெல்டிங் செய்முறைக் குறிப்பு), பிக்யூஆர் (செய்முறைச் சோதனைப் பதிவு), வெல்டர் தேர்ச்சிச் சான்று மூன்றையும் கேட்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஒப்பந்தத்தில் எந்தக் கோடு (வெல்டிங் விதித்தொகுப்பு) குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிரஷர் வெசல், பைப்பிங் என்றால் பெரும்பாலும் ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9. எஃகுக் கட்டுமானம் என்றால் ஏடபிள்யூஎஸ் டி1.1. இரண்டுக்கும் வரம்புகள் வேறு.

டபிள்யூபிஎஸ் என்பது வேலை நடக்கும் இடத்தில் வெல்டர் பார்த்துச் செய்யவேண்டிய செய்முறை. அதன்படி ஒரு கூப்பனை (சோதனைத் துண்டை) வெல்டு செய்து, வெட்டி, இழுத்து, வளைத்துப் பார்த்த பதிவுதான் பிக்யூஆர். அங்கே தேர்வு எழுதுவது உலோகமும் வெல்டிங் ராடும். வெல்டர் தேர்வில்தான் கை சோதிக்கப்படுகிறது. ஆகவே வரைவுச் செய்முறை, கூப்பன், சோதனை, பிக்யூஆர், இறுதி டபிள்யூபிஎஸ், அதன்பின் வெல்டர்கள் என்ற வரிசையில் போங்கள். செய்முறைக் கூப்பன் தேறினால், அதை வெல்டு செய்தவருக்கு அதுவே வெல்டர் தேர்வாகவும் கணக்காகும். உங்கள் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிக் கூப்பன் மிச்சம்.

செக்‌ஷன் 9-இல் கூப்பன் வெல்டிங் உங்கள் சொந்த மேற்பார்வையில்தான் நடக்கவேண்டும். துண்டு வெட்டுவதையும் சோதிப்பதையும் வெளி ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம்.

டி1.1-இல், கோடே முன்கூட்டி ஏற்றுக்கொண்ட இணைப்புகளுக்கு பிக்யூஆர் தேவையில்லை. ஆனாலும் டபிள்யூபிஎஸ் எழுதித்தான் ஆகவேண்டும். ஷார்ட் சர்க்யூட் முறை மிக் (வாயுக் காப்பில் கம்பி ஊட்டும்) வெல்டிங்குக்கு இந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: கூப்பனுக்கு 12 மி.மீ. தகடு போதுமா?

பதில்: செக்‌ஷன் 9-இன்படி 12 மி.மீ. கூப்பனில் எடுத்த பிக்யூஆர் 5 முதல் 24 மி.மீ. வரை செல்லும். மெல்லிய தகடும் உங்கள் வேலையில் வரும் என்றால் 10 மி.மீ. எடுங்கள்; 1.5 முதல் 20 வரை கிடைக்கும். இம்பாக்ட் சோதனை (அடி தாங்குமா என்ற சோதனை) கேட்கும் வேலையில் கீழ்வரம்பு மேலே ஏறிவிடும், அதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

வெல்டர் தேர்வில் 12 மி.மீ. எடுப்பது வீண் சிக்கனம். அதில் தேறியவர் 24 மி.மீ. தடிமன் வரைதான் போடலாம். வெல்டுப் படிவு 13 மி.மீ.க்குக் குறையாமல், குறைந்தது மூன்று அடுக்காக இருந்தால் மேல்வரம்பே இல்லை. தகட்டை 16 மி.மீ. ஆக்குங்கள். பொசிஷனில் (வெல்டு செய்யும் நிலை), தகட்டில் எல்லா நிலைக்கும் 2ஜி (கிடைமட்டம்), 3ஜி (செங்குத்து), 4ஜி (தலைக்கு மேல்) மூன்றும் வேண்டும். குழாயில் 6ஜி (சாய்த்து அசையாமல் வைத்த குழாய்) தேறினால் எல்லாப் பொசிஷனும் அடங்கும். ஆனால் சிறு விட்டக் குழாய்களுக்குக் கூப்பனின் விட்டத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

கேள்வி: நல்ல கைப்பழக்கம் உள்ள வெல்டர்தான். ஆனாலும் ரூட் பெண்டில் (வெல்டின் அடிப்பக்கம் வெளியே வரும்படி துண்டை வளைக்கும் சோதனையில்) விரிசல் விழுகிறது. ஏன்?

பதில்: வெல்டரைக் குறை சொல்வதற்கு முன் துண்டைப் பாருங்கள். வளைந்த புறப்பரப்பில் எந்தத் திசையிலும் 3 மி.மீ.க்கு மேல் திறப்பு இருந்தால் அது தோல்விதான். ஆனால் அந்தத் திறப்பைக் கிரைண்டரே உண்டாக்கியிருக்கலாம். கிரைண்டிங் கோடுகள் துண்டின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு கோடும் விரிசலுக்கு வழிகாட்டும். மூலைகளை அதிகபட்சம் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். தகட்டுக் கூப்பனின் இரு முனைகளிலும் 25 மி.மீ. அளவுக்கு வெட்டி எறியுங்கள். கேஸ் கட்டிங் செய்த விளிம்பை மில்லிங்கில் சுத்தமாக எடுத்துவிடுங்கள். சூட்டோடு தண்ணீரில் போட்ட கூப்பன் எதற்கும் உதவாது. பிளஞ்சரையும் (துண்டை அழுத்தி வளைக்கும் உருண்ட முனை) அளந்து பாருங்கள்: சாதாரணக் கார்பன் ஸ்டீலில் 10 மி.மீ. துண்டுக்கு 40 மி.மீ. விட்டம். அதைவிடச் சிறியதை மாட்டினால் நல்ல வெல்டும் பிளக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிளந்தால், பிளந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெவலின் (சாய்வாக வெட்டிய விளிம்பின்) பழைய கிரைண்டிங் கோடு அப்படியே தெரிந்தால் அங்கே உலோகம் உருகிச் சேரவில்லை: ஆம்பியர் குறைவு, இல்லையேல் ரூட் முகம் (பெவலின் அடியில் சாய்க்காமல் விட்ட விளிம்பு) தடிப்பு, இல்லையேல் தகடுகளின் இடைவெளி குறுகல். கறுப்பாகக் கண்ணாடிபோல் மின்னினால் ஸ்லாக் (வெல்டுக் கசடு). பாஸுக்குப் பாஸ் (ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும்) சுத்தம் செய்யவில்லை. உருண்டை ஓட்டைகள் என்றால் ராடில் ஈரம். டி1.1-இன்படி சாதாரண 7018 ராடு ஓவனுக்கு வெளியே 4 மணி நேரத்துக்குமேல் இருக்கக்கூடாது. ஹோல்டிங் ஓவன் குறைந்தது 120 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். ஈரம்பட்டதை 260 முதல் 430 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டெடுக்கலாம், ஒரே ஒருமுறை. நனைந்தே போன ராடைச் சுடவும் வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

உடனே மறுதேர்வு என்றால், செக்‌ஷன் 9-இன்படி தோற்ற ஒவ்வொரு பொசிஷனுக்கும் தொடர்ச்சியாக இரண்டு கூப்பன் போட்டு இரண்டும் தேறவேண்டும். பயிற்சி கொடுத்தபின் என்றால் வழக்கமான தேர்வே போதும்.

கேள்வி: பிக்யூஆரில் ஆம்பியரை ‘90–130’ என்று எழுதலாமா?

பதில்: கூடாது. வரம்பு டபிள்யூபிஎஸ்ஸுக்கு உரியது. பிக்யூஆரில் அன்று அந்த பாஸில் என்ன ஓடியதோ அதுதான் வரவேண்டும். மெஷின் டயலை நம்பாமல் கேபிளில் டாங் டெஸ்டர் (கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) மாட்டி எடுங்கள்; ஒருவர் ஸ்டாப்வாட்ச்சும் டேப்புமாகப் பக்கத்தில் நிற்கட்டும். 110 ஆம்பியர், 24 வோல்ட், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகம் என்றால், 24 × 110 × 60 ÷ 150 = 1056. அதாவது மி.மீ.க்குச் சுமார் 1.06 கிலோஜூல் வெப்பம். இந்த மூன்று அளவுகளில் ஒன்றை விட்டுவிட்டால், பின்னாளில் இம்பாக்ட் கேட்கும் வேலைக்கு அந்த பிக்யூஆரை நீட்ட முடியாது. தகட்டின் ஹீட் எண்ணையும் (எந்த உருக்குத் தொகுதி என்ற எண்) ராடின் லாட் எண்ணையும் அன்றே குறித்துவிடுங்கள்.

கேள்வி: வளைப்பதற்குப் பதிலாக எக்ஸ்ரே எடுத்தால் வெல்டர் தேர்வு செல்லுமா?

பதில்: ராடு வெல்டிங், டிக் (டங்ஸ்டன் முனை வெல்டிங்) இரண்டுக்கும் செல்லும். ஷார்ட் சர்க்யூட் மிக்குக்குச் செல்லாது. உருகிச் சேராத மெல்லிய படலம் பிலிமில் தெரியாமல் தப்பிவிடும். வளைத்தால்தான் பிளந்து காட்டும்.

கேள்வி: தேர்ச்சி எவ்வளவு காலம் செல்லும்?

பதில்: அந்தப் பிராசஸில் (வெல்டிங் முறையில்) ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழாதவரை. டிக்கில் தேறியவர் ஆறு மாதமும் ராடு மட்டுமே பிடித்திருந்தால் டிக் தேர்ச்சி போயிற்று, ராடு தேர்ச்சி நிற்கும். எனவே வெல்டர் ஸ்டாம்ப் எண், பிராசஸ், வேலை எண், தேதி, மேற்பார்வையாளர் கையெழுத்து என ஒரு பதிவேடு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டினால், யாருக்கு எந்தப் பிராசஸில் ஒரு ஜாயின்டாவது கொடுக்கவேண்டும் என்பது கெடுவுக்கு முன்பே தெரிந்துவிடும்.